டிவி யார் பக்கம் சாய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்கத் தேர்தலால் எங்கள் வீட்டில் சண்டை

கலா_சுங்கைசிப்புட்:

வணக்கம். கேள்வி அமெரிக்க அதிபர் தேர்தலைப் பற்றியது, ஆனால் சண்டை நடப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், எங்கள் வீட்டு ஹாலில். விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

அப்பா தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். ஆங்கிலம் நன்றாகத் தெரியும், பேப்பர் பார்க்காமல் பசியாற மாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு ஆஸ்ட்ரோவில் சி.என்.என். போட்டால் படுக்கும்வரை அதுதான் ஓடும். தம்பி அதற்கு நேர் எதிர். தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் பஸ்ஸில் ஃபோனில் ஃபாக்ஸ் நியூஸ் துண்டு துண்டாகப் பார்ப்பான். அம்மாவுக்கு இரண்டும் வேண்டாம், கமலா ஹாரிஸ் நம்ம ஊர்ப் பிள்ளை, அது ஜெயித்தால் போதும்.

2024 நவம்பர் 6, தீபாவளிப் பலகாரம் இன்னும் டின்னில் இருந்த வாரம். நமக்குப் பகல், அவர்களுக்கு நடுராத்திரி. மத்தியானம் மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் தம்பி ஃபோனை அப்பா முகத்துக்கு நேராக நீட்டி, 'பாருங்க, டிரம்ப் ஜெயிச்சாச்சு' என்றான். ஃபாக்ஸ் அறிவித்துவிட்டது. அப்பா பார்த்துக்கொண்டிருந்த சேனலில் இன்னும் வரைபடத்தைத் தொட்டுத் தொட்டு மாவட்டம் மாவட்டமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்பா சொன்னார், அது டிரம்ப் ஆளுங்க சேனல், அப்படித்தான் சொல்லும். தம்பி சொன்னான், உங்க சேனலுக்குத்தான் சொல்ல மனசு வரல. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் அப்பாவின் சேனல் அதையே சொன்னது. அதற்குள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அது அப்போதே முடிந்திருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன். எனக்கு உறுத்துவது வேறு. 18 வயதுக்கு ஓட்டு என்று வந்ததிலிருந்து பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறதல்லவா, அடுத்த பொதுத்தேர்தல்தான் தம்பிக்கு முதல் ஓட்டு. அவன் இப்போது சொல்கிறான், 'அமெரிக்காவிலேயே டிவி காசு வாங்கிக்கொண்டு பேசுகிறது, இங்கே மட்டும் என்ன, எல்லாம் பொய், நான் ஓட்டே போடப் போவதில்லை.' என்னால் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு மத்தியானம் நடந்தது சாய்வா, இல்லையா? நம்மைப் போன்ற ஆட்கள், செய்தித்துறையில் வேலை செய்யாதவர்கள், ஒரு சேனல் சாய்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வது?

பழைய_எடிட்டர்:

தங்கச்சி, நான் கோலாலம்பூரில் ஒரு தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் படத்தொகுப்பில் பல வருடம் இருந்தவன். நல்ல கேள்வி, முதல் பாதிக்கு நேரடியாகப் பதில் இருக்கிறது: அன்றைக்கு மத்தியானம் நடந்தது சாய்வு இல்லை.

அமெரிக்காவில் நம் தேர்தல் ஆணையம் மாதிரி ஒரே இடத்திலிருந்து ராத்திரியே முடிவைச் சொல்கிற அமைப்பு கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தானே எண்ணி, அதிகாரபூர்வமாக உறுதி செய்ய வாரக்கணக்கில் ஆகும். அதனால் சேனல்களே கணித்து அறிவிக்கின்றன. அதற்கென்று புள்ளியியல் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் தனிப் பிரிவு உண்டு, டிசிஷன் டெஸ்க் என்பார்கள். 2024-இல் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, சி.என்.என். நான்கும் சேர்ந்து எடிசன் ரிசர்ச் என்ற நிறுவனத்திடமிருந்து தரவு வாங்கின. ஃபாக்ஸும் ஏபி செய்தி நிறுவனமும் வேறொரு கருத்தாய்வை வைத்துக் கணித்தன. அப்படிப் பொதுவான தரவு இருந்தும் ஃபாக்ஸ் அன்று அமெரிக்கக் கிழக்கு நேரம் அதிகாலை 1:47-க்கு டிரம்ப் என்று சொன்னது, ஏபி 5:34 வரை காத்திருந்தது. எவ்வளவு உறுதி வந்தால் வாயைத் திறப்பது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அதே ஃபாக்ஸ் டெஸ்க் 2020 நவம்பர் 3 இரவு 11:20-க்கு அரிசோனா மாநிலத்தை பைடனுக்குக் கொடுத்தது, அதாவது அங்கே அவர் ஜெயிக்கிறார் என்று அறிவித்தது. மற்ற பெரிய சேனல்கள் அந்த மாநிலத்தைச் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டன. டிரம்ப் தரப்பு கொதித்துப் போனது. டெஸ்க்கின் தலைவர் ஆர்னன் மிஷ்கின் நேரலையில் வந்து நாங்கள் சொன்னது சொன்னதுதான் என்று நின்றார். கடைசியில் பைடன் அங்கே 10,457 ஓட்டில் ஜெயித்தார். டிரம்ப் ஆளுங்க சேனல் என்று அப்பா சொல்கிற அதே இடத்தில்தான் இது நடந்தது.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததை உங்கள் தம்பி கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களுக்குக் கோபம். நியூஸ்மேக்ஸ் போன்ற இன்னும் வலதுசாரிச் சேனல்களுக்கு ஆட்கள் தாவ ஆரம்பித்தார்கள். அந்த அரிசோனா அறிவிப்பைத் தாங்கிப் பேசிய ஃபாக்ஸின் அரசியல் பிரிவு ஆசிரியர் கிறிஸ் ஸ்டைர்வால்ட் 2021 ஜனவரியில் வேலையை இழந்தார். இன்னொரு பக்கம், டொமினியன் என்ற வாக்கு இயந்திர நிறுவனம் தேர்தலைத் திருடியது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் அதே ஃபாக்ஸில் பேச இடம் கிடைத்தது. அந்த நிறுவனம் ஃபாக்ஸ்மேல் வழக்குப் போட்டபோது, அந்த நிகழ்ச்சித் தொகுப்பாளர்களே தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளில் அதை நம்பவில்லை என்பது வெளியே வந்தது. டொமினியனைப் பற்றிச் சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை என்று 2023 மார்ச்சில் டெலவேர் நீதிபதி எழுதினார். ஏப்ரலில் ஃபாக்ஸ் 78 கோடியே 75 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

ஒரே கூரைக்குக் கீழே சரியாக எண்ணுகிற பிரிவும் இருந்தது, பொய்யைப் பரப்பிய நிகழ்ச்சியும் இருந்தது. முதலாளி சொல்லித்தான் சாய்கிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பார்க்கிறவர்கள் போய்விடுவார்களோ என்ற பயத்தாலும் சாய்கிறார்கள். எனக்கு இது முதலாளி சாய்வைவிட மோசமாகப் படுகிறது, ஏனென்றால் அதில் நமக்கும் பங்கு இருக்கிறது.

இரண்டாவது பாதி, எதை வைத்துச் சொல்வது. நான் வேலை செய்த அறையில் நடந்ததைச் சொல்கிறேன், இடத்தின் பெயர் வேண்டாம். தேர்தல் நேரத்தில் அமைச்சர் பேசினால் அவர் குரலிலேயே வரும். எதிர்க்கட்சித் தலைவர் பேசினால் அவர் வாய் அசையும், சத்தம் வராது, மேலே செய்தி வாசிப்பவர் 'அவர் இவ்வாறு குற்றம் சாட்டினார்' என்று படிப்பார். ஒரு பொய்யும் இல்லை, சொன்னதைத்தான் படிக்கிறார்கள். ஆனால் ஒருவர் நம் வீட்டுக்குள் வந்து நம்மோடு பேசிவிட்டுப் போகிறார், இன்னொருவர் தூரத்தில் நின்று கையை ஆட்டுகிறார். செராமா (கட்சிப் பிரசாரக் கூட்டம்) காட்சியும் அப்படித்தான். ஒருவருக்குக் கூட்டம் நெருக்கமாக இருக்கும் பக்கம், இன்னொருவருக்குப் பின்வரிசை நாற்காலிகள். இரண்டு படமும் உண்மையான படம்.

அதனால் அடுத்த முறை வீட்டில் சி.என்.என். ஆனாலும் ஃபாக்ஸ் ஆனாலும் நம் சேனல் ஆனாலும், யாருடைய சொந்தக் குரல் எவ்வளவு நேரம் கேட்கிறது என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். அமெரிக்காவில் இதை ஆராய்ச்சியாகவே அளந்திருக்கிறார்கள். 1968-இல் மாலைச் செய்தியில் வேட்பாளர் ஒருவர் தன் குரலில் இடைவிடாமல் பேசியது சராசரியாக 40 வினாடிக்கு மேல். 1988-இல் 10 வினாடிகூட இல்லை. மீதி நேரம் முழுக்க அவரைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள். சாய்வு வந்து உட்காருவது அந்த மீதி நேரத்தில்தான்.

மண்டோர்_குளுவாங்:

எடிட்டர் அண்ணே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அமெரிக்கா தூரம். அதிபர் தேர்தலில் டிவி எப்படிச் சாயும் என்று பார்க்க நமக்குப் பக்கத்து நாடே போதும்.

நான் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. எங்கள் லயத்தில் பாதிக்கு மேல் இந்தோனேசியர்கள், லொம்போக் ஆட்கள், மதுரா ஆட்கள். அவர்கள் ஊர்ச் சேனல் பார்க்க லயத்துக்குப் பின்னால் பெரிய தட்டு வைத்திருந்தார்கள். 2014 ஜூலை 9, அவர்கள் ஊரில் அதிபர் தேர்தல், ஜோகோவியும் பிரபோவோவும் மட்டும்தான் போட்டி. நோன்பு மாதம். அன்று விடியற்காலையில்தான் உலகக் கிண்ணத்தில் ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று அடித்திருந்தது, பாதிப் பேர் தூங்காத கண்ணோடு பிரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) வந்தார்கள். மத்தியானம் வேலை முடிந்து நான் லயத்துப் பக்கம் போனபோது ஒரே வரிசையில் இரண்டு வீட்டில் டிவி அலறுகிறது. ஒரு வீட்டில் டிவிஒன், பிரபோவோ முன்னிலை. மூன்று கதவு தள்ளி இன்னொரு வீட்டில் மெட்ரோ டிவி, ஜோகோவி முன்னிலை. இரண்டு வீட்டிலும் கைதட்டல். ஒரே நாடு, ஒரே தேர்தல், ஒரே நேரம். இரண்டு திரையிலும் சதவீதம் தசமப் புள்ளியோடு ஓடுகிறது, பார்த்தால் இரண்டுமே நம்புகிற மாதிரிதான் இருக்கிறது.

என்ன விஷயம் என்றால், அங்கே ஓட்டுப் பதிவு முடிந்ததும் சில வாக்குச்சாவடிகளின் எண்ணிக்கையை எடுத்து முடிவைக் கணிப்பார்கள், குவிக் கவுண்ட். ஒழுங்காகச் செய்தால் அது பெரும்பாலும் சரியாக வரும். டிவிஒன் பிரபோவோ முன்னிலை என்று சொன்ன நிறுவனங்களை மட்டும் எடுத்துப் போட்டது. அந்தச் சேனல் பக்ரி குடும்பத்துடையது, அபுரிசால் பக்ரி அப்போது கோல்கார் கட்சித் தலைவர், கோல்கார் பிரபோவோ பக்கம். மெட்ரோ டிவி சூர்யா பாலோவுடையது, அவர் நாஸ்டெம் கட்சித் தலைவர், நாஸ்டெம் ஜோகோவி பக்கம். அரசாங்க வானொலி ஆர்.ஆர்.ஐ. தனியாக எடுத்த குவிக் கவுண்டும் ஜோகோவி முன்னிலை என்றுதான் சொன்னது. ஜூலை 22-இல் தேர்தல் ஆணையம் அறிவித்தது: ஜோகோவி 53.15 சதவீதம், பிரபோவோ 46.85.

அந்த இரண்டு வாரமும் எங்கள் லயத்தில் நிம்மதி இல்லை. ஒரே கொங்சி வீட்டில் தூங்கி எழுந்தவர்கள் தனித்தனியாகச் சமைத்தார்கள். தங்கச்சி வீட்டில் அப்பாவும் மகனும் பேசாமல் இருந்தது எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது. தங்கள் டிவி சொன்னதை நம்பினார்கள், வேறு தப்பு எதுவும் அவர்கள் செய்யவில்லை.

இங்கே பலரும் விடுகிற ஒரு விஷயம் உண்டு. மெட்ரோ சொன்ன முடிவு சரியாக இருந்தது, அதனால் மெட்ரோ நேர்மையான சேனல் என்று எங்கள் ஆட்களில் பலர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பிரசார நாட்களில் அந்தச் சேனலும் ஒரு பக்கத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியது. அன்றைக்கு முதலாளியின் பக்கமும் உண்மையின் பக்கமும் ஒன்றாக அமைந்தது, அவ்வளவுதான். அதனால் சேனல் யாருடையது என்று முதலில் பாருங்கள். இந்தோனேசியா மாதிரி முதலாளியே கட்சித் தலைவராக இருந்தால் தேடவே வேண்டாம், இல்லாவிட்டால் கொஞ்சம் தேட வேண்டும்.

ராஜா_பீடோர்:

மன்னிக்கவும், நான் தம்பி கட்சி. நீங்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி அவன் சொன்னதைத்தான் நிரூபித்திருக்கிறீர்கள்.

2016 பிப்ரவரியில் சிபிஎஸ் தலைவர் லெஸ் மூன்வெஸ் ஒரு முதலீட்டாளர் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார், டிரம்ப் போட்டியிடுவது அமெரிக்காவுக்கு நல்லதாக இல்லாமல் போகலாம், சிபிஎஸ்ஸுக்கு ரொம்ப நல்லது என்று. விளம்பரப் பணம் அப்படிக் கொட்டியது. அந்தச் சமயத்தில் மீடியாகுவாண்ட் என்ற நிறுவனம் போட்ட கணக்குப்படி டிரம்புக்கு ஊடகங்களில் இலவசமாகக் கிடைத்த இடத்தின் மதிப்பு கிட்டத்தட்ட 190 கோடி டாலர். அவரைத் திட்டிய சேனலும் அவர் கூட்டத்தை முழுசாக நேரலையில் போட்டது. சரி, அப்பாவின் சேனல் சுத்தமா? அங்கே விமர்சகராக இருந்த டோனா பிரசீல், வேட்பாளர்களிடம் அந்தச் சேனல் நிகழ்ச்சியில் கேட்கவிருந்த கேள்விகளை முன்கூட்டியே ஹிலரி கிளிண்டன் தரப்புக்குக் கொடுத்தது 2016-இல் வெளியே வந்து, சேனல் அவரோடு உறவை முறித்துக்கொண்டது. 2000-இல் ஃபுளோரிடாவை புஷ்ஷுக்கு முதலில் கொடுத்தது ஃபாக்ஸ், அன்று அந்த டெஸ்க்கை நடத்தியவர் ஜான் எல்லிஸ், ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் சொந்த அத்தை மகன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டிய காலத்தில் ரேடியோ சொன்னதை வேதவாக்காக நம்பினார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வீடு கட்டித் தருவார்கள் என்று ரேடியோ சொல்லும். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்திலிருந்து வெளியே போகச் சொன்ன கடிதம் மட்டும்தான் வந்தது. நான் எந்தச் சேனலையும் நம்புவதில்லை. அந்தப் பையனும் நம்ப வேண்டாம்.

வாத்தியாரம்மா_தாப்பா:

ராஜா, உங்கள் அப்பா அம்மாவுக்கு நடந்தது எங்கள் குடும்பத்துக்கும் நடந்தது, அதை ஒதுக்கிப் பேச மாட்டேன். ஆனால் எதையும் நம்பாதே என்று ஒரு பையனிடம் சொல்லிவிட்டால் அவன் டிவியை அணைத்துவிட்டு வேறு நல்ல இடத்துக்குப் போகப் போவதில்லை. ஃபோனில் யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அங்கே போவான். நான் வகுப்பில் தினமும் பார்க்கிறேன். 'எல்லாம் பொய்' என்று சொல்கிற பிள்ளைகள்தான் வாட்ஸ்அப்பில் வந்ததை முதலில் நம்புகிறார்கள்.

கலா, சாய்வினால் எவ்வளவு பாதிப்பு என்று நிஜமாகவே அளந்து பார்த்திருக்கிறார்கள். ஃபாக்ஸ் நியூஸ் 1996 அக்டோபரில் ஆரம்பித்தது. எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போகவில்லை, கேபிள் நிறுவனம் சேர்த்த ஊருக்கு மட்டும் போனது. டெல்லாவின்யா, கப்லான் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஃபாக்ஸ் போன ஊர்களையும் போகாத ஊர்களையும் ஒப்பிட்டு, 2000 வரை புஷ்ஷின் கட்சியான குடியரசுக் கட்சியின் ஓட்டு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை கூடியது என்று 2007-இல் எழுதினார்கள். சின்ன எண்தான். ஆனால் அந்த 2000 தேர்தலில் ஃபுளோரிடா 537 ஓட்டில் முடிவானது. ஆகவே டிவி மனிதர்களைப் பொம்மையாக ஆட்டவில்லை, பெரும்பாலோர் அசையவே இல்லை. ஆனால் இழுபறியான இடத்தில் அந்தக் கொஞ்சமே போதும்.

நிறையப் பேர் சொல்வார்கள், அமெரிக்காவில் நடுநிலைக்கு ஒரு விதி இருந்தது, அதை எடுத்ததால்தான் இந்த நிலை என்று. பாதி உண்மை. 1949 முதல் 1987 வரை இருந்த அந்த விதிப்படி, சர்ச்சையான விஷயங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். ஆனால் அது அரசாங்க உரிமம் வாங்கி அலைவரிசையில் ஒளிபரப்பும் நிலையங்களுக்குத்தான். ஃபாக்ஸ் நியூஸ், சி.என்.என். இரண்டும் கேபிள், அவற்றை அந்த விதி தொட்டதே இல்லை. இன்னும் உயிரோடு இருப்பது சம நேர விதி. 2024 தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை கமலா ஹாரிஸ் என்பிசியில் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் தலைகாட்டினார், மறுநாளே அதே சேனலில் விளையாட்டு ஒளிபரப்புக்கு நடுவே டிரம்புக்கும் நேரம் கொடுத்தார்கள். செய்திகளுக்கு அந்த விதியில் விலக்கு. அதாவது நாம் கவலைப்படுகிற இடத்தில் விதி இல்லை.

இன்னொன்று. சாய்வு என்றாலே ஒருவரைப் புகழ்ந்து இன்னொருவரைத் திட்டுவது என்று நினைக்கிறோம். ஹார்வர்டில் தாமஸ் பாட்டர்சன் 2016 செய்திகளை ஆராய்ந்தார், தொலைக்காட்சியும் நாளிதழும் சேர்த்து. பொதுத்தேர்தல் கட்டத்தில் டிரம்பைப் பற்றியது 77 சதவீதம் எதிர்மறை, கிளிண்டனைப் பற்றியது 64 சதவீதம் எதிர்மறை. டிரம்ப் ஆதரவாளர்கள் முதல் எண்ணைக் காட்டி 'பார்த்தீர்களா' என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல் தந்தது வேறொரு எண். கொள்கை பற்றிய செய்தி 10 சதவீதம்தான். யார் முன்னே யார் பின்னே என்ற பந்தயச் செய்தி 42 சதவீதம். மருத்துவம், சம்பளம், பள்ளிக்கூடம் என்று ஒரு குடும்பத்தைத் தொடுகிற எதற்கும் நேரம் இல்லை. இது எந்தக் கட்சிக்கும் சாயவில்லை, பார்க்கிறவனுக்கு எதிராகச் சாய்கிறது.

அப்புறம் அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் தமிழ்ச் செய்திகளும் சாய்ந்தன. கமலாவின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் கோயில் பூசை, பதாகை, அர்ச்சனை, அதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பென்சில்வேனியாவில் மளிகை விலையைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஒரு வரி நம் செய்தியில் நான் கேட்கவில்லை. அதனால் இழுபறி மாநிலங்கள் ஏழிலும் அவர் தோற்றபோது நம் வீடுகளில் எல்லாரும் இடி விழுந்த மாதிரி உட்கார்ந்தோம். பாசத்தினால் வந்த சாய்வுக்கு முதலாளியும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

ராஜாவுக்கு ஒரே ஒரு விஷயம். 2008 பொதுத்தேர்தலில் டிவியும் ரேடியோவும் யார் பக்கம் இருந்தன என்று நமக்கு நன்றாகத் தெரியும். அதே சுங்கை சிப்புட்டில்தான் 1974 முதல் அந்தத் தொகுதியை வைத்திருந்த ஆளுங்கட்சி அமைச்சர் சாமிவேலு, எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார். ஜனங்கள் டிவியைப் பார்த்தார்கள், பிறகு செராமாவுக்கும் போனார்கள், எஸ்எம்எஸ் அனுப்பினார்கள், வீடு வீடாகப் பேசினார்கள், வரிசையில் நின்றார்கள். டிவி ஒரு பக்கம் இருந்தது, ஓட்டு வேறு பக்கம் போனது. அந்தத் தொகுதியில் இருந்துகொண்டு ஒரு பையன் ஓட்டுப் போடமாட்டேன் என்கிறான் என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை.

கலா_சுங்கைசிப்புட்:

எல்லாருக்கும் நன்றி. ராஜா அண்ணே, நீங்கள் எழுதிய கடைசிப் பத்தியை அப்பா சத்தமாகப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கிராணி என்பதால் அந்த மாதிரிக் கடிதங்களை டைப் அடித்தவர் அவர்.

மண்டோர் அண்ணனின் இரண்டு வீட்டு டிவி கதையைத் தம்பி படித்தான். ஓட்டைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டான், எடிட்டர் ஐயாவிடம் கேட்கச் சொன்னான். எதிரெதிரான இரண்டு சேனல் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்குச் சரி என்றுதான் படுகிறது.

பழைய_எடிட்டர்:

தம்பிக்கு நல்ல மூளை. பதில்: எடுத்துக்கொள்ள முடியாது, இரண்டும் எங்கிருந்து எடுத்தன என்று பார்க்காமல்.

ராஜா சொன்ன 2000 ஃபுளோரிடாவையே எடுத்துக்கொள்வோம். எல்லிஸ் புஷ்ஷின் உறவினர் என்பது உண்மை, அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே கூடாது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஃபாக்ஸ் அதிகாலை 2:16-க்குச் சொன்னது. சில நிமிடத்துக்குள் என்பிசி, சிபிஎஸ், சி.என்.என்., ஏபிசி எல்லாம் அதையே சொன்னன. பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? எல்லாரும் சொல்கிறார்கள், அப்படியானால் உண்மை. ஆனால் அன்று எல்லாச் சேனலுக்கும் தரவு கொடுத்தது ஒரே கூட்டு அமைப்பு, விஎன்எஸ். அதே அமைப்பின் தரவை வைத்துத்தான் அன்று இரவு எட்டு மணிக்குச் சற்று முன் எல்லாரும் சேர்ந்து ஃபுளோரிடாவை புஷ்ஷை எதிர்த்து நின்ற அல் கோருக்குக் கொடுத்திருந்தார்கள், அதுவும் அந்த மாநிலத்தின் மேற்கு முனையில் இன்னும் ஓட்டுப் பதிவு முடியாதபோதே, பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். விடிவதற்குள் புஷ்ஷுக்குக் கொடுத்ததையும் வாங்கிக்கொண்டார்கள். வழக்கு டிசம்பர் 12 வரை இழுத்தது. பல வாய், ஒரே காது. அந்த மாதிரி ஒற்றுமைக்கு மதிப்பு கிடையாது. உங்கள் வீட்டில் நடந்ததற்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் ஃபாக்ஸும் சி.என்.என்.னும் தனித்தனித் தரவிலிருந்து, மணிக்கணக்கு வித்தியாசத்தில், ஒரே பெயரைச் சொன்னன.

நம் ஊரில் இதைச் சோதிக்க அமெரிக்காவைவிட நல்ல வசதி இருக்கிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்ததும் போராங் 14 என்ற பாரத்தில் எண்ணிக்கையை எழுதுவார்கள், கட்சிகளின் முகவர்களுக்கு ஒரு பிரதி கிடைக்கும். டிவி என்ன சொன்னாலும் அந்தத் தாள்தான் மூலம். 2018 பொதுத்தேர்தல் இரவில் டிவியில் எண்கள் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது கட்சிக்காரர்கள் அந்தத் தாள்களை வைத்துத்தான் கூட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு எதையும் நம்பக் கஷ்டமாக இருந்தால், எண்ணுகிற அறைக்குள் போய் உட்காரட்டும். கட்சிகள் தேர்தலுக்கு முன்பே வாக்குச்சாவடி முகவர்களுக்கும் எண்ணிக்கை முகவர்களுக்கும் பயிற்சி கொடுக்கும், ஆள் கிடைக்காமல்தான் தவிப்பார்கள். எந்தக் கட்சி என்பது அவன் விருப்பம். கிளை அலுவலகத்தில் கேட்டால் பெயர் எழுதிக்கொள்வார்கள், அடையாள அட்டையைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.